சுட்டிவாலின் வால்

பாம்பன் கடலடியில் ஒரு பாறை. அதில் கடற்பீச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்ந்தன. பார்க்கச் சின்னப் பைகள் மாதிரி இருக்கும். ஒரு வாயால் கடல்நீரை உறிஞ்சும், இரையை வடிகட்டிக்கொள்ளும், மிச்சத் தண்ணீரை இன்னொரு துளை வழியாகப் பீச்சிவிடும். ஓட்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை.

அவற்றின் குஞ்சுகள் மட்டும் வேறு மாதிரி. குஞ்சுக்குத் தலை உண்டு, துறுதுறு வால் உண்டு. வாலுக்குள் மீனின் முதுகெலும்பைப் போல ஒரு தண்டுகூட உண்டு.

சுட்டிவால் என்ற குஞ்சுக்குத் தன் வால்மேல் கொள்ளை ஆசை. முட்டையிலிருந்து வந்த கையோடு நெத்திலிக் குஞ்சுகளுடன் சேர்ந்து சுற்றத் தொடங்கிவிட்டாள். அவர்களில் மினுக்கன்தான் பெரிய வாயாடி.

"நீ எங்க ஆளு. அந்தப் பைகளோட போய் ஒட்டிக்கிடாத. ஒட்டினா வால் போயிரும். வால் போயிட்டா அப்புறம் நீ யாரு?" என்றான்.

சுட்டிவாலுக்குத் திக்கென்றது. அன்றிலிருந்து பாறைப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை.

ஆனால் பசி யாரை விட்டது? முட்டைக்குள் அம்மா வைத்துவிட்ட கட்டுச்சோறு தீர்ந்துபோனது. வால் வலித்தது. கண் மங்கியது.

"இந்தா, தின்னு" என்று மினுக்கன் ஒரு துணுக்கை நீட்டினான். அது அவள் முகத்தில் இடித்துவிட்டுத் திரும்பியது.

"வாயைத் திறடி!"

"திறக்க மாட்டேங்குதே. வாய் மூடித்தான் இருக்கு."

"நீந்த நீந்த எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு அவன் கூட்டத்தோடு போய்விட்டான். வயிறு நிறைந்தவனுக்கு அறிவுரை சொல்லவா கஷ்டம்!

சுட்டிவால் சோர்ந்துபோய்க் கீழே இறங்கினாள். அங்கே பெரியப்பா மகன் மொழுக்கன் பாறையில் ஒட்டியபடி நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் பிறக்கும்போதே வாலில்லாமல் பிறந்தவன். நெத்திலிகளோடு சேர்ந்து அவனைக் கேலி செய்தவள்தான் இவள். இப்போது வெட்கமாக இருந்தது.

"அண்ணே, பசிக்குது. ஒட்டினா நான் நானா இருப்பேனா?"

"என்னைப் பாரு. எனக்கு வாலே வரல. நான் கடற்பீச்சி இல்லையா?" என்றான் மொழுக்கன். "நம்ம ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் மேஸ்திரிங்க இருக்காங்க. மரபணுன்னு பேரு. எப்ப வால் போடணும், எப்ப அதைக் கழட்டணும், எப்ப வாய் திறக்கணும்னு அவங்கதான் சொல்றாங்க. எங்க வீட்ல வால் போடுற மேஸ்திரி வாயை மூடிக்கிட்டாரு. மத்தவங்க வேலைய நிறுத்தல. உன் வால் வீடு கட்டப் போட்ட சாரம். இடம் தேடத்தான் அது. ஒட்டினப்புறம்தான் வாய் திறக்கும். சாரத்தைப் பிரிக்காம எப்படிக் குடியேறுவ?"

"வலிக்குமா?"

"தெரியலம்மா. எனக்குத்தான் வால் இல்லையே."

அந்த நேர்மைதான் சுட்டிவாலுக்குத் தைரியம் தந்தது. நிழலான ஓர் இடம் பார்த்துத் தலையைப் பாறையில் அழுத்தினாள். பிடித்துக்கொண்டது. வால் மெல்லச் சுருங்கி உடம்புக்குள்ளேயே கரைந்தது. கொஞ்சம் அழுதாள். பிறகு உடம்பு உள்ளுக்குள்ளேயே திரும்பி, மாறி, பையாக விரிந்தது. வாய் திறந்தது. முதல் மடக்குக் கடல் உள்ளே இறங்கியபோது, அப்பாடா என்று உடம்பெல்லாம் தளர்ந்தது. அப்படியொரு ருசியை அவள் அறிந்ததே இல்லை.

பிறகொரு நாள் மினுக்கன் அந்தப் பக்கம் வந்தான். அவள் கூப்பிட்ட குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டான்.

"ஐயையோ, உன் வால் எங்கடி?"

"அதுவா? பசிச்சுது. கரைச்சுச் சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லி, அவன் முகத்தில் ஒரு பீச்சு பீச்சினாள் சுட்டிவால்.

வளர்வதற்காக வந்த துணையையே உயிரென்று பிடித்துக்கொண்டிருப்பவர் பட்டினி கிடப்பார். காலம் வந்ததும் அதை விட்டுவிடத் தெரிந்தவரே முழுதாக வாழ்வார்.