பாலத்தில் நின்றவனின் முதுகு

"மறுபடியும் பிடுங்கிட்டீங்களா?" என்று கேட்டான் உகோன்.

ஒகினு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாசியை ஊசியால் பிய்த்துப் பிய்த்து மரத்தட்டிலிருந்த சின்ன மலைமேல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பசை பிடிக்கலை" என்றார்.

"மீன் பசை! நேத்து நானே காய்ச்சினது. மத்த நாப்பது பொம்மையும் அசையாம நிக்குதே?"

"நிக்குது. இது நிக்கலை."

கட்டைவிரல் உயரப் பொம்மை ஒன்று மரத்தட்டின் ஓரத்தில் படுத்துக் கிடந்தது. இது மூன்றாவது நாள். உகோன் ஒட்டிவிட்டுப் போவான், காலையில் வந்தால் படுத்திருக்கும்.

உகோனுக்கு ஐம்பது வயது. சாமுராய். இடுப்பில் இரண்டு வாள். ஒகினு பெண், வயது முப்பத்திரண்டு. மலை, ஆறு, ஊர் எல்லாவற்றையும் ஒரு தட்டுக்குள் அடக்கிச் செய்வதில் அந்த வட்டாரத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது.

வயதைப் பார்த்தால் உகோனை நான் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவன் கற்றுக்கொள்ள வந்தவன்தானே? 'அவன்' என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆசைப்பட்டு வந்தவனும் இல்லை. பிரபு அனுப்பி வந்தவன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பிரபு எட்டு வயதுப் பையனாக இருந்தபோது, எதிரிகள் கோட்டையைக் கொளுத்தினார்கள். காவலர்கள் பையனைப் பல்லக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துரத்தி வந்தவர்களை சசானோ ஆற்றுப் பாலத்தில் ஒரே ஒருவன் மறித்து நின்றான். பல்லக்கு மலை தாண்டுகிறவரை நின்றான்.

அந்த ஒருவன் உகோன்தான் என்று ஊரே சொல்லும்.

"அந்தப் பாலத்தை அப்படியே செய்து கோயிலில் வைக்க வேண்டும்" என்று பிரபு சொல்லிவிட்டார். "கண்ணால் பார்த்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம், பெரியவரே. உங்கள் கையாலேயே செய்யுங்கள். ஒகினு சொல்லிக் கொடுப்பார்."

இதில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. பாலத்தில் நின்றது உகோன் இல்லை.

நின்றது அவன் சிநேகிதன் ஜின்னாய். உகோன் பாலத்துக்குக் கீழே, நாணல் புதருக்குள், கழுத்தளவு தண்ணீரில் ஒளிந்திருந்தான்.

கடைசியில் பாலத்தின் கைப்பிடி முறிந்தது. ஜின்னாயும் அவனோடு மல்லுக்கட்டிய இரண்டு பேரும் ஆற்றில் விழுந்தார்கள். வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உதவிக்கு வந்த படையின் சங்கொலி கேட்டு மற்ற எதிரிகள் ஓடிப்போனார்கள். அதற்கப்புறம்தான் உகோன் மேலே ஏறினான். பலகையில் ஜின்னாயின் வாள் கிடந்தது. எடுத்தான். ஏன் எடுத்தான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் படை வந்து சேர்ந்தது. ரத்தம் சொட்டும் வாளோடு பாலத்தில் ஒருவன் நிற்கிறான். வேறென்ன வேண்டும்? தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அவன் பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தான், அவ்வளவுதான்.

ஜின்னாயின் உடல் கிடைக்கவேயில்லை. உடல் கிடைக்காதவன் ஓடிப்போனவன் என்று முடிவு கட்டினார்கள். அவன் மனைவி வருஷா வருஷம் கோட்டை வாசலில் மண்டியிட்டு, புருஷன் பேருக்கு ஒரு கல் நட அனுமதி கேட்கிறாள். வருஷா வருஷம் விரட்டுகிறார்கள். இந்தத் தட்டு கோயிலுக்குப் போகிற அன்றைக்கு ஜின்னாயின் பெயரைக் குலப் பட்டியலில் மைபூசி அழித்துவிடப் போகிறார்கள். அதற்கப்புறம் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுமே இருக்காது.

உகோன் வாயைத் திறந்தால் அந்தப் பெயர் பிழைக்கும். அவன் பிழைக்க மாட்டான்.

நாளை மறுநாள் மதியம் பிரபு பார்க்க வருகிறார்.

உகோன் பொம்மையை எடுத்தான். காலில் பசை தடவி, பாலத்தின் நடுவில் எதிர்க்கரையைப் பார்த்து நிறுத்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே எடுக்காதீங்க" என்றான்.

ஒகினு பாசியை ஒட்டிக்கொண்டே இருந்தார்.

மதியம் அவர் தரையில் படுத்தார். எந்தத் தட்டையும் முடிக்குமுன் அவர் இப்படிச் செய்வது வழக்கம். தாடையைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தட்டைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நகர்வார். பொம்மைகளின் கண்மட்டத்திலிருந்து பார்த்தால்தான் கோணல் தெரியும் என்பார்.

எதிர்க்கரைப் பக்கம் வந்ததும் நின்றார்.

"ஐயா, இந்த எதிரிங்களுக்கெல்லாம் ஏன் ஒரே முகம்?"

"முகம் பார்க்க ஏது நேரம்? வாள் வீசிக்கிட்டிருந்தேன்."

"ம்."

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"பாலத்து மேல்பலகை வழவழன்னு இருக்கு."

"பலகைன்னா அப்படித்தான் இருக்கும்."

"அடிப்பக்கத்துல ஆணி ஒவ்வொண்ணையும் வச்சிருக்கீங்க. பாசி வச்சிருக்கீங்க. அட, ஒரு குருவிக்கூடுகூட இருக்கே!"

உகோனின் கை வேலையை நிறுத்தியது. குருவிக்கூட்டை எப்போது செய்தான்? அவனுக்கே நினைவில்லை. விரல்கள் பாட்டுக்குச் செய்திருக்கின்றன.

ஒகினு நாணல் புதர் வரைக்கும் வந்தார். அங்கே வெகுநேரம் அசையாமல் கிடந்தார்.

"இங்கேயிருந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

"அங்கேயிருந்து யாரும் பார்க்கப் போறதில்லை!"

"ஆமா" என்று எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டார்.

இவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் இப்படியா சோறு வடிப்பாள்? உகோன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பயத்தில் அவன் மனசுக்குள் குருவுக்கிருந்த மரியாதைகூடப் போய்விட்டது, பாருங்கள்.

மறுநாள் காலை பாலம் காலியாக இருந்தது.

பொம்மை இந்தத் தடவை தட்டின் ஓரத்தில் இல்லை. ஒகினுவின் உள்ளங்கையில் நின்றது. முதுகு உகோனைப் பார்த்திருந்தது.

"ஐயா, இது யாரு?"

"நான்தான். எத்தனை தடவை சொல்றது?"

"முதுகுக் கவசத்துல கயிறு அறுந்து, வைக்கோல் புரியால முடிஞ்சிருக்கு. இடது தோள்ல ஒரு ஒட்டு. ஒட்டுக்குக் கீழே சேறு தெறிச்சிருக்கு. நாப்பத்தோரு பொம்மையில இந்த அளவுக்கு நீங்க எதையும் செய்யலை."

"எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தது."

"உங்க முதுகை நீங்க எப்போ பார்த்தீங்க?"

வாள் பாதி வெளியே வந்துவிட்டது. யோசித்து உருவவில்லை, கை உருவியது. வாசலில் ஆள் இல்லை. இந்த ஒரு தலை உருண்டால் போதும், இருபத்திரண்டு வருஷம் இருந்த மாதிரியே இருந்துவிடும்.

ஒகினு அவன் கையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. உயிர்ப்பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனாலும் தட்டைவிட்டு இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் வாங்க" என்றார். "ரத்தம் தட்டுல தெறிச்சா ஆத்துத் தண்ணி நிறம் கெட்டுடும்."

உகோன் நின்றான்.

வாள் உறைக்குள் போனது. முழங்கால் மடிந்தது. ஐம்பது வயது சாமுராய், தட்டுக்கு முன்னால் தரையில் நெற்றியை வைத்துவிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னான். நாணல், தண்ணீர், குளிர், பாலத்து மேலே கேட்ட காலடிகள், வாள். மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான்.

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க குருவே!"

அவன் வாயில் 'குருவே' வந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தட்டு வேலை மட்டும்தான் தெரியும்" என்றார் ஒகினு. "ஒண்ணு கேக்கறேன். அவர் உங்களைப் பார்த்தாரா?"

உலையில் தண்ணீர் கொதித்துப் பொங்கி, பொங்கினது அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை" என்றான் கடைசியில். "சட்டுனு திரும்பினான். நேரா நாணலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்."

"கூப்பிட்டாரா?"

"இல்லை."

"முகம் எப்படி இருந்தது?"

"சொல்ல வரலை."

ஒகினு பொம்மையின் கழுத்தில் விரலை வைத்தார். 'டக்'கென்று தலையை ஒடித்துப் போட்டார்.

உகோன் பதறிப்போனான். தலையில்லாத பொம்மையையும் ஒரு சின்ன மரத்துண்டையும் அவன் முன்னால் வைத்தார் ஒகினு. உளியை அதன்மேல் வைத்தார்.

"சொல்ல வராட்டி செதுக்குங்க."

முதல் தலை மதியத்துக்குள் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நெருப்போடு இருந்தது அந்த முகம். ஒகினு வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டார்.

"இது அவர் முகம் இல்லை. நீங்க பயந்துக்கிட்டிருந்த முகம்."

இரண்டாவது தலை உதட்டைச் சுழித்து ஏளனம் செய்தது. அதுவும் அடுப்புக்குப் போனது. மூன்றாவது கெஞ்சியது. அதை உகோனே தூக்கிப் போட்டான். நான்காவது, ஐந்தாவது. உளி வழுக்கி விரலை வெட்டியது, துணி சுற்றிக்கொண்டு செதுக்கினான். வெயில் இறங்கியது, மறுபடி ஏறியது. ஒகினு இடையில் தூங்கி எழுந்து வந்தார். அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

எட்டாவது தலைக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டே பாதி செதுக்கினான்.

திறந்து பார்த்தான். அப்படியே உடைந்துபோய் அழுதான்.

கோபம் இல்லை. ஏளனம் இல்லை. மழைக்கு ஒதுங்கியவனிடம், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லேண்டா, நனையறே பார் என்று சொல்கிற முகம்.

"பாவி! திட்டியிருக்கலாமே!" என்று அரற்றினான் உகோன். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் எப்பவோ எந்திரிச்சு வந்திருப்பேனே!"

ஒகினு தலையில்லாத உடம்பை எடுத்துப் பாலத்தின் நடுவில் வைத்தார். எதிர்க்கரையைப் பார்த்து, வாளோங்கி நின்றது அந்த உடம்பு. விரலால் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை.

கழுத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்தார்.

வெளியே குதிரைகளின் சத்தம் கேட்டது. யாரோ பிரபுவின் வருகையை அறிவித்தார்கள்.

"குருவே, எந்தப் பக்கம் திருப்பட்டும்?"

தலையை எதிர்க்கரைப் பக்கம் திருப்பி ஒட்டினால் முடிந்தது. முகம் யாருக்கும் தெரியாது. உகோன் பாலத்தில் நிற்கிறான், கோயிலில் நிற்கப் போகிறான், பேரப்பிள்ளைகள் கும்பிடப் போகிறார்கள்.

"பசை காயுறதுக்குள்ள ஒட்டுங்க" என்றார் ஒகினு. பிரபுவை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார்.

தலையை இடுக்கியில் பிடித்துக்கொண்டு உகோன் தனியாக நின்றான். தட்டின்மேல் குனிந்தான்.

பிரபு உள்ளே வந்தபோது அவன் தட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான்.

பிரபுவுக்கு முப்பது வயது. பின்னாலேயே நாலைந்து அதிகாரிகள். எல்லோரும் தட்டைச் சுற்றி நின்றார்கள். ஆஹா என்றார்கள். ஆற்றைப் பார், பல்லக்கைப் பார், உள்ளே நம் பிரபுவின் கைகூடத் தெரிகிறது பார் என்றார்கள்.

பிரபு குனிந்தார். இன்னும் குனிந்தார். பாலத்தின் நடுவில் அவர் பார்வை நின்றுவிட்டது.

"பெரியவரே, எதிரி முன்னால் இருக்கும்போது நீங்கள் ஏன் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள்?"

"அது நான் இல்லை, பிரபு."

அதிகாரிகள் தட்டிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"பின்னே யார்?"

"ஜின்னாய்."

பிரபுவின் முகம் இறுகியது. அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார். "ஓடிப்போனவன்! ஓடுவதற்கு வழி பார்க்கிறானாக்கும்!"

ஒகினு வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிரபு இப்போது தரையில் முழங்கால் ஊன்றினார். முகத்தை அந்தக் கட்டைவிரல் உயரப் பொம்மைக்கு அருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"ஓடப் போகிறவன் முகம் இப்படி இருக்காது" என்றார் மெதுவாக. "யாரைப் பார்க்கிறான் இவன்?"

உகோன் இடுப்பிலிருந்த வாள்களை உறையோடு எடுத்துத் தரையில் வைத்தான். நாணல் புதர் பக்கம் விரலை நீட்டினான்.

"என்னை."