ராஜ தட்டுக்கு ஆகாத கத்தரிக்காய்

முன்னொரு காலத்தில் ஏழுமடை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், வாய் கொப்பளிப்பதற்குள் அதை மாற்றுவார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நப்பின்னைக்கு ஒன்பது வயது, இளையவன் கண்டீரனுக்கு ஏழு. நெய்ச்சோறும் அப்பளமும் இருந்தால் போதும். காய் என்று ஒன்று வந்தால் இரண்டும் எழுந்து ஓடிவிடும்.

ஓடாமல் என்ன செய்யும்? அந்த அரண்மனையில் எந்தப் பதார்த்தம் வந்தாலும் முன்னால் ஒரு கட்டியக்காரன் கம்பைத் தட்டிக்கொண்டு வருவான். "பராக், பராக். பித்தம் தணிப்பதும், கிருமி கொல்வதும், குடலைக் கழுவுவதுமாகிய பாகற்காய் எழுந்தருளுகிறது." குடலைக் கழுவ வருகிறதை எந்தப் பிள்ளை வாயைத் திறந்து வரவேற்கும்?

இந்த வழக்கத்தைப் புகுத்தியவர் மடைப்பள்ளி அதிகாரி தாண்டவராயர். கத்தரிக்காயை நூல் வைத்து அளந்து, எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் உள்ளே விடுவார்.

பிள்ளைகள் சோகை பிடித்து வெளிறிப்போனதைப் பார்த்த ராஜா ஒருநாள் சபையில் காரணம் கேட்டார். ராயர் தொண்டையைச் செருமினார். "பிரபு, சொல்லவே நா கூசுகிறது. சமையற்காரி உலகம்மையின் கையில் ருசி இல்லை. அடியேனின் மைத்துனன் ஒருவன் இருக்கிறான், கை பட்டால் தேன்."

உலகம்மை வாசலோரம் நின்றிருந்தாள். புருஷன் செத்த பிறகு பதினொரு வருஷமாக அந்த மடைப்பள்ளிதான் அவளுக்கு வீடு. அடுப்பு போனால் படுக்க இடமும் போச்சு.

"உலகம்மா, அறுபது நாள் தருகிறேன்" என்றார் ராஜா. "என் பிள்ளைகள் காய் வேண்டும் என்று தங்கள் வாயால் கேட்கணும். இதே சபையில், என் காது கேட்க. இல்லையென்றால் ராயரின் மைத்துனனிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு."

"சரிங்க மகாராஜா. யானைக் கொட்டாரத்துக்குப் பின்னால சும்மா கிடக்கிற நிலத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்க."

"எதற்கு, விளையாடவா?"

"ஆமாங்க, மண்ணுல."

ராயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாளே உலகம்மை கத்தரி நாற்று கொண்டுவந்து கொடுத்தாள். நட்டது பிள்ளைகள், தண்ணீர் ஊற்றியது பிள்ளைகள், யானைச் சாணத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு அள்ளிப் போட்டதும் அவர்கள்தான். வெயில் ஏறியதும் மடைப்பள்ளிக்குள் வந்து கடுகு வெடிப்பதை வேடிக்கை பார்த்தார்கள், புளி கரைத்தார்கள். 'சாப்பிடு' என்று அவள் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

செடி காய்த்தது. ஒரு காய்க்கு நடுவில் மூக்கு முளைத்திருந்தது. கண்டீரன் அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தான். இன்னொன்றில் புழு துளைத்த ஓட்டை.

"இப்பவே வதக்கலாமா?" என்றான் கண்டீரன்.

"முதல் காய்ப்பு ராஜாவுக்குத்தான் போகணும், தம்பி. அதுதானே இந்த நாட்டு வழக்கம். நாளைக்கு அறுபதாம் நாள், சபையில நீங்களே வதக்கிக் கொடுங்க."

அன்று சாயங்காலம் அவளே ராயரைத் தேடிப் போனாள். "ஐயா, நாளைக்கு ராஜா தட்டுல மூக்கு வச்ச கத்தரிக்காயும் ஓட்டைக் கத்தரிக்காயும்தான் விழப் போகுது. பிள்ளைங்க வளர்த்தது. நீங்க பாட்டுக்கு அளந்துகிளந்து வச்சிடாதீங்க."

"ஓட்டைக் காயா? ராஜ தட்டிலா?" ராயருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

மறுநாள் சபையில் அடுப்பும் சட்டியும் தயாராக இருந்தன. கட்டியக்காரன் கூடையை மூடிக் கொண்டுவந்து வைத்தான். நப்பின்னை துணியை விலக்கினாள். உள்ளே பளபளவென்று ஒரே அளவில் பன்னிரண்டு காய்கள். பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் உலகம்மையின் கதை முடிந்தது.

"இது யாரோட காய்?" என்றாள் நப்பின்னை.

"தங்களுடையதுதான் இளவரசி. சற்றே திருத்தியமைத்தோம்" என்றார் ராயர்.

"மூக்கன் எங்கே?" என்றான் கண்டீரன்.

"அது ராஜ தட்டுக்கு ஆகாது இளவரசே. யானைக்குப் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன்."

கண்டீரனின் உதடு துடித்தது. "எனக்கு என் கத்தரிக்காய்தான் வேணும். இப்பவே வேணும்."

"எங்க கத்தரிக்காயைக் கொடுங்க" என்று நப்பின்னை ராயரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

ராஜா கையை உயர்த்தினார். "இன்னொரு தரம் சொல்லுங்கள்."

இரண்டு பேரும் சொன்னார்கள். வெளியே காவலுக்கு நின்றவனுக்கும் கேட்டது.

பாகன் இன்னும் யானைக்குப் போட்டிருக்கவில்லை. காய்கள் திரும்பி வந்தன. பிள்ளைகள் ஓட்டையை வெட்டி எறிந்துவிட்டு, வதக்கி, அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். முதல் காய்ப்பு ராஜாவுக்கு என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை.

"ருசி எப்படி?" என்றார் ராஜா.

"உப்பு கம்மி. நான்தான் போட்டேன்" என்றான் கண்டீரன், அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே.

"பிரபு, இது சூழ்ச்சி" என்றார் ராயர். "நேற்று இவளே வந்து, அளந்து வைக்காதே என்று சொல்லி என்னைத் தூண்டிவிட்டாள்."

"அளக்காதே என்றுதானே சொன்னாள்? கேட்டிருக்கலாமே. இனி அறுபது நாளைக்கு நீர் யானைச் சாணம் சுமக்க வேண்டும், என் மகள் காட்டுகிற செடிக்குப் போட வேண்டும். பராக் சொல்வதும் இன்றோடு நின்றது. உலகம்மா, அடுப்பு உன்னுடையதுதான். வேறென்ன வேண்டும், கேள்."

"பிள்ளைகளோட ஒரே பந்தியில நீங்களும் உட்காரணும். அவங்க வதக்கினதைச் சாப்பிடணும்."

ராஜா குரலைத் தாழ்த்தினார். "உலகம்மா, எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது."

"தெரியும் மகாராஜா. பதினொரு வருஷமா உங்க தட்டைக் கழுவுறது நான்தானே."

சபையில் எல்லோரும் தூண்களைப் பார்த்தார்கள். நப்பின்னை தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து ராஜாவின் வாயருகே கொண்டுபோனாள். ராஜா வாங்கி மென்றார். அவர் விழுங்கும்வரை மகள் கண்ணை எடுக்கவில்லை.