தயிர்க்காரிக்கு முப்பத்துமூன்று பட்டம்

முன்னொரு காலத்தில், பெரியதும் இல்லை சிறியதும் இல்லை என்று சொல்லும்படியான ஒரு நகரத்தில் இருந்துகொண்டு ஒரு ராஜா ஆண்டுவந்தார். அந்த நகரத்துக்கு ஒரே கடைவீதி. அகலம் இருபது முழம். தலைச்சுமைக்காரர்கள் தேர்ச் சக்கரங்களுக்கு நடுவே அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அரசவை விகடன் மருதப்பன் ராஜாவிடம் மன்றாடி, தெருவோரம் நான்கு முழம் விட்டுக் கல் பதித்து, அவர்களுக்கென்று ஒரு நடைவழி வாங்கிக் கொடுத்திருந்தான். தினமும் காலையில் போய், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு வருவான்.

குதிரைலாயத் தலைவர் சேனாதிராயருக்கோ அது கண்ணை உறுத்தியது.

“மகாராஜா! கடைவீதியைக் கடக்க என் தேருக்கு இரண்டு நாழிகை ஆகிறது. நான்கு முழத்தை விகடன் விழுங்கியதே காரணம்” என்றார் சபையில்.

“நடைவழி வருமுன் எத்தனை நாழிகை ஆயிற்று, பிரபு?” என்று கேட்டான் மருதப்பன்.

“அதையெல்லாம் யார் அளந்தார்கள்!”

ராஜாவுக்கு எதையும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும். “நாளை ஒருநாள் கல்லை எடுத்துவிடுங்கள். எல்லோரும் நடுத்தெருவில் போகட்டும். நானும் தேரில் வருகிறேன். நெரிசல் குறைந்தால் நடைவழி போயிற்று. மருதப்பா, உன் பதவியும் போயிற்று!”

“ஒன்று, மகாராஜா” என்றார் சேனாதிராயர். “தெருவில் இறங்குகிறவர் எவரும் தெருவின் வழக்கத்தை மதிக்க வேண்டும்.”

“அதுவும் என் கட்டளை” என்றார் ராஜா.

அந்தத் தெருவின் வழக்கம் இதுதான். எதிரெதிரே இரண்டு தேர்கள் வந்தால், இரண்டு கட்டியக்காரர்களும் தத்தம் எஜமானரின் பட்டங்களை ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்க வேண்டும். பட்டம் குறைந்தவர் ஒதுங்குவார். அதுவரை பின்னால் வருகிறவர்கள் நின்றே ஆகவேண்டும். சேனாதிராயருக்கு முப்பத்திரண்டு பட்டம்.

கட்டளை ‘எவரும்’ என்றதால், தேரில்லாதவர்களுக்கும் பட்டம் சூட்டலாம் என்று மருதப்பன் நேரே தயிர்க்காரி காத்தாயியிடம் போனான்.

“எனக்கு என்னாத்துக்குய்யா பட்டம்? தயிரு புளிச்சுப்போவும்!”

“ஒருநாள் புளிச்சாப் புளிக்கட்டும் ஆத்தா. இல்லேன்னா தினமும் சக்கரத்துக்கு நடுவுலதான் நீ போவணும்.”

காத்தாயி யோசித்தாள். “அப்பச் சரி. நல்லதாப் போடு. எங்க எருமைங்கள விட்டுடாதே.”

மறுநாள் சேனாதிராயரின் தேர் முன்னே வர, ராஜாவின் தேர் பின்னே வந்தது. எதிரே தலையில் பானையோடு காத்தாயி. அவளுக்குப் பின்னால் விறகுக்காரர், தண்ணீர்க் காவடிக்காரர் என்று நாற்பது பேர்.

கட்டியக்காரன் முப்பத்திரண்டையும் முழங்கி முடித்து, “ஒதுங்கு!” என்றான்.

மருதப்பன் கோலைத் தரையில் தட்டினான். “ஏழு எருமைகளின் எஜமானி! மூன்று பஞ்சம் தாண்டியவள்! முப்பது வருஷமாய் ஒரு பானையும் உடைக்காத தலைக்காரி!” பட்டங்கள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் காத்தாயியின் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பானை ஆடவே இல்லை.

“முப்பத்துமூன்று! பிரபு, ஒன்று கூடுதல். தாங்கள்தான் ஒதுங்க வேண்டும்.”

ஒதுங்குவது எப்படி? பின்னால் ராஜாவின் தேர். அதற்குப் பின்னால் ஊரே நின்றது. வெயில் உச்சிக்கு வந்தது.

“இன்னும் எத்தனை பேருக்கடா பட்டம் இருக்கிறது?” என்று கத்தினார் ராஜா.

“நாற்பது பேருக்கு, மகாராஜா. நேற்றுவரை இவர்கள் கல்லுக்கு அந்தப் பக்கம் பேசாமல் நடந்து போனார்கள். தேர்கள்தான் தினமும் இப்படி நின்று பட்டம் படித்தன. இன்று எல்லோரும் வழக்கத்தை மதிக்கிறோம்.”

ராஜா சேனாதிராயரைப் பார்த்தார், காத்தாயியைப் பார்த்தார், பிறகு தேர்த்தூணைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “இனித் தெருவில் எவரும் பட்டம் படிக்கக் கூடாது. கல்லை இருந்த இடத்தில் பதியுங்கள்!” தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார்.

கல் பதித்த மறுநாள், சேனாதிராயரின் தேர் அரை நாழிகையில் கடைவீதியைக் கடந்தது. இந்தத் தடவை மருதப்பன் அளந்தான். முத்துமாலை மின்ன, நடைவழியின் நடுவில் பெருமையோடு நின்றிருந்தான்.

“தள்ளிக்கய்யா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏழு எருமைக்காரி வர்றேன்ல!”

மருதப்பன் சிரித்துக்கொண்டே ஒதுங்கினான்.