ஓடை தாண்டாத முள்ளு

ஓடைக்கு இந்தக் கரையில முள்ளம்பன்றிங்க. அந்தக் கரையில கௌதாரிங்க. ரெண்டு கூட்டமும் ரொம்ப சிநேகம். பகல்ல முள்ளம்பன்றிங்க தூங்கும்போது நரி வந்தா, கௌதாரிங்க கத்தி எழுப்பிவிடும். முள்ளம்பன்றிங்க உதிர்ந்த முள்ளையெல்லாம் சேர்த்துக் கொடுக்கும். கௌதாரிங்க அதைக் கூட்டைச் சுத்தி நட்டு முட்டையைக் காப்பாத்திக்கும்.

ஒருநாள் ஒரு நரி வந்து, "நான் உங்க சிநேகிதன்! முதுகு அரிக்குது, சொறிய ஒரு முள்ளு குடுங்க!"ன்னு கெஞ்சி வாங்கிட்டு ஓடை தாண்டிப் போச்சு. அதை வச்சே ஒரு முயல் வளையைக் கிளறிடுச்சு. உடனே இந்தக் கரைத் தலைவர் ஆமை சட்டம் போட்டார். "இனிமே ஓடை தாண்டுற முள்ளை மூணு பேர் சோதிக்கணும்! கேக்கறது யாரா இருந்தாலும் சரி!"

அந்தச் சமயத்துல பூரணிங்கற கௌதாரி அஞ்சு முட்டை வச்சிருந்தா. ஒரு கீரி வந்து கூட்டை மோப்பம் பிடிச்சுட்டுப் போச்சு. பூரணி பதறிப்போய் முள்ளம்பன்றி மாடசாமிகிட்ட ஓடிவந்தா.

"அண்ணே, பத்து முள்ளு வேணும்ணே!"

"எடுத்துக்கோ தாயி! ஆனா சோதனை முடியணுமே!"

முதல்ல உடும்பு. முள்ளு உறுதியான்னு கடிச்சுப் பார்த்துச்சு. அஞ்சு ஒடிஞ்சுபோச்சு. "உறுதி பத்தல!"

அடுத்து கொக்கு. ஒத்தைக் கால்ல நின்னு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கூரா இருக்கான்னு பாறையில குத்திக் குத்திப் பார்த்துச்சு. மிச்சமும் மழுங்கிப்போச்சு. "ம்ஹூம்! கூர் பத்தல!"

கடைசியா ஆமை. தலையை மெதுவா வெளிய நீட்டினார். "நீ... சிநேகிதியா... எதிரியா?"

"சிநேகிதிதான் தாத்தா!"

"அந்த நரியும்... அப்படித்தானே... சொல்லுச்சு! நாளைக்கு... வா!"

மறுநாள் பூரணி வந்தா.

"ராத்திரி கீரி ஒரு முட்டையைத் தூக்கிட்டுப் போயிடுச்சுண்ணே, நாலுதான் இருக்கு"ன்னா.

மாடசாமி எழுந்து உடம்பைச் சிலுப்பினான். முள்ளெல்லாம் கலகலன்னுச்சு.

"ஏன் தாயி, முள்ளுக்குத்தானே சோதனை? எனக்கு இல்லையே?"

"அண்ணே, தண்ணி சில்லுன்னு இருக்கும்ணே!"

"இருந்துட்டுப் போகட்டும்!"

ஓடையில இறங்கி நடந்தான். கூட்டுப் பக்கத்துல முதுகை வெளிய காட்டி வளைஞ்சு படுத்தான். "ரொம்ப ஒட்டி உக்காராதே தாயி. தூக்கத்துல சிலிர்த்துக்குவேன்!"

சாயங்காலம் கீரி வந்துச்சு. "அட, புதுசா ஒரு புதர்!"ன்னு முகர்ந்துச்சு. "அய்யய்யோ, என் மூக்கு!" அவ்வளவுதான். ஓட்டம்!

இதைக் கேட்டு மத்த கௌதாரிங்களும் முள்ளம்பன்றிங்களைக் கூப்பிட்டுச்சுங்க. நாலு நாள்ல இந்தக் கரையே காலி!

"நம்ம கரையைக் காக்க யாருய்யா இருக்கா?"ன்னு ஆமை பதறிக்கிட்டு ஓடை தாண்டினார்.

அங்க பூரணியோட முட்டை அப்பத்தான் பொரிஞ்சிருந்துச்சு. ஈரம்கூடக் காயாத ஒரு குஞ்சு தத்தித் தத்தி வந்து, ஆமையோட கழுத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிச்சு. அது எழுந்துடுமோன்னு ஆமை தலையை உள்ள இழுக்கவே இல்லை.

"எத்தனை குஞ்சும்மா?"ன்னு கிசுகிசுத்தார்.

"நாலு, தாத்தா."

"அஞ்சா இருந்திருக்கணும். தப்பு என்னோடது தாயி."

அங்கயே சட்டத்தைத் திருத்தினார். "காலங்காலமா நமக்குத் துணையா இருக்கறவங்க கேட்டா, ஒருத்தர் பார்த்தா போதும். கண்ணால மட்டும்! கேட்ட அன்னைக்கே முள்ளு போகணும். வாங்கினவங்க வேற யாருக்கும் கைமாத்தக் கூடாது. புதுசா வர்றவங்களுக்குப் பழைய சோதனைதான்!"

"அப்ப நான் கடிச்சுப் பார்க்க வேண்டாமா?"ன்னு உடும்பு அக்கரையிலிருந்து கத்துச்சு.

"நரி வந்து கேட்டா, நல்லா கடி! இப்பச் சத்தம் போடாதே, குழந்தை தூங்குது!"

எதிரியைத் தடுக்கப் போட்ட சட்டம் ஆபத்துல இருக்கற நண்பனையும் தடுத்தா, சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டாம், நண்பனுக்குச் சீக்கிரம் உதவி போய்ச் சேர்ற மாதிரி அதைத் திருத்தணும்.