மினுக்காத இயர்பட்

சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற அந்த மடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பேருந்தை விட்டு இறங்கி 'அம்மை மடம்' என்று கேட்டால் வாழைத்தோப்புப் பக்கம் கை காட்டுவார்கள். அம்மைக்கு வயது நாற்பதுதான். சீடர் கனகசபாபதிக்கு ஐம்பத்தெட்டு. குருவைவிடச் சீடர் மூத்தவராக இருப்பதில் அம்மைக்கு ஒரு சங்கடமும் இல்லை. சபாபதிக்குத்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய மில்லின் கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைவராக இருந்த மனுஷர் அல்லவா.

தீட்சை கேட்டு வருகிறவர்கள் அது கிடைக்கும்வரை வெளியாட்கள் யாரோடும் பேசக்கூடாது என்பது மடத்து வழக்கம். செல்போனை அணைத்து அவரவர் பெட்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டியது. யாரும் வந்து திறந்து பார்ப்பதில்லை. சபாபதி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வருகிற பௌர்ணமிக்குத் தீட்சை என்று பேச்சு இருந்தது. ஆனால் அம்மை வாயைத் திறந்து இன்னும் சொல்லவில்லை.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை காலைகளில் மலேசியாவில் இருக்கிற சில அன்பர்கள் லேப்டாப் வழியாக அம்மையிடம் கேள்வி கேட்பார்கள். லேப்டாப்பின் ஸ்பீக்கர் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி கரகரப்பதால், சபாபதி தன்னுடைய இயர்பட்ஸைக் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. அம்மை அதை மாட்டிக்கொண்டு தலையாட்டிக் கேட்பாள்.

வாசிப்பறையில் சபாபதி லேப்டாப்பைத் திறந்து வைத்தார். மனசில் இருந்ததை அன்று கேட்டுவிடுவது என்று வந்திருந்தார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்க ஐயா."

"என் மனசு ஏனுங்க இங்க வந்து உக்கார மாட்டேங்குது? எல்லா நியமமும் பண்றேன். ஒரு நாள் பூசை தவறினதில்லை. கண்ணை மூடினா எங்கியோ போயிருது."

அம்மை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவங்க வர்ற நேரமாச்சு. முதல்ல இந்தக் காதுல மாட்டுறதைச் சேர்த்து விடுங்க."

கேட்டதற்கு இதுதானா பதில் என்று சபாபதிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. டப்பியைத் திறந்து இரண்டு பட்ஸையும் மேசைமேல் வைத்தார். லேப்டாப்பில் புளூடூத்தைத் தட்டினார்.

கனெக்ட் ஆகவில்லை.

மறுபடி தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது.

"என்ன சொல்லுது?"

"முடியலைங்குதுங்க. இருங்க, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

சபாபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மடத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். சப்பணமிட்டு உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது, தேவாரம் பாடினால் சுருதி சேரவில்லை, வாழைக்குத் தண்ணீர் கட்டினால் பாத்தி உடைகிறது. லேப்டாப் முன்னால் மட்டும் அவர் பழைய கனகசபாபதி.

புளூடூத்தை அணைத்துப் போட்டார். லேப்டாப்பையே ஒருமுறை அணைத்துப் போட்டார். பட்ஸை டப்பிக்குள் வைத்து மூடித் திறந்தார். அம்மை மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, சின்னப் பெண் மாதிரி கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"லேப்டாப்புல இதோட பேரை எடுத்துடறனுங்க. பழைய கணக்கை மறக்கச் சொல்லிட்டா, புதுசா சேந்துக்கும்."

"சொன்னா மறந்துருமா?"

"ஒரே தட்டு. மறந்துருமுங்க."

"லேப்டாப் மறந்துருச்சு. சரி. இது மறந்துச்சா?" அம்மை இயர்பட்டைக் காட்டினாள்.

சபாபதி சிரித்தார். "இதுக்கு எங்கீங்க அவ்வளவு ஞாபகம்." பிறகு ஏதோ தட்டுப்பட்ட மாதிரி சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அம்மை ஒரு பட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கடுகளவு நீல வெளிச்சம்.

"ஐயா, போன மாசம் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீங்களே. வெளிச்சம் மினுக்கு மினுக்குன்னா ஆள் தேடுதுன்னு அர்த்தம். மினுக்காம எரிஞ்சா ஆள் கிடைச்சாச்சு. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"இது மினுக்கலையே."

சபாபதி பார்த்தார். மினுக்கவில்லை. கோயில் தூங்காவிளக்கு மாதிரி ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது.



அந்த ரக இயர்பட்டின் குணம் அவருக்கு அத்துப்படி. டப்பியைத் திறந்ததும் அது கடைசியாகப் பழகியவரைத்தான் தேடும். அவர் பக்கத்தில் இருந்தால் அவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். அவர் இல்லையென்றால்தான் வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கும். கடைசியாகப் பழகியது லேப்டாப் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், சபாபதியின் அறையில், டிரங்குப் பெட்டியில், போர்வைக்கு அடியில் ஒரு செல்போன் இருக்கிறது. அது அணைத்த போன் இல்லை.

தினமும் விடியலில் கிணற்றடியில் எல்லோரும் குளித்துக்கொண்டிருக்கும்போது அவர் அதை எடுப்பார். மகள் இந்துஜா அனுப்பிய குரல் செய்தியைக் காதில் மாட்டிக் கேட்பார். கேட்டதும் போனில் புளூடூத்தை மறக்காமல் அணைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவார். இன்று பாதியிலேயே பூசை மணி அடித்துவிட்டது. அப்படியே போர்வைக்குள் திணித்துவிட்டு ஓடிவந்திருந்தார்.

"என்னங்கய்யா, பேச்சைக் காணோம்?"

"ஒண்ணுமில்லீங்க. இது... பழசாயிருச்சு. பாட்டரி போற காலத்துல இப்படித்தான் வெளிச்சம் தாறுமாறா எரியும்."

"தாறுமாறா எரியலையே. அழகால்ல எரியுது."

"லேப்டாப்புலயும் ஒரு சாப்ட்வேர் பழசாயிருச்சுங்க. அதைப் புதுசு பண்ணினாச் சரியாகும்."

சொல்லிவிட்டு எதையோ டவுன்லோட் செய்கிறவர் போல விசைகளைத் தட்டினார். முப்பது வருஷம் மில்லில் வேலை பார்த்தவர், இல்லாத கோளாறை இத்தனை அக்கறையாக ஒருநாளும் சரி செய்ததில்லை. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியது. எழுந்துபோய் போனை அணைத்துவிட்டு வந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆனால் என்ன சொல்லிவிட்டு எழுந்திருப்பது?

"நான் போய் ரூம்ல... சார்ஜர் எடுத்துட்டு வந்துடறனுங்க."

"பாட்டரி தீர்ந்துருச்சா?"

"தீரலைங்க. தீர்ற மாதிரி இருக்கு."

"அப்ப உக்காருங்க. எனக்கு ஒரு சந்தேகம்." அம்மை இயர்பட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஆள் கிடைச்சாச்சுங்குது. நம்ம லேப்டாப் இல்லைங்குது. அப்ப இது யார்கூட இருக்கு?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அறிய வேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது. அதுதான் சபாபதியை இன்னும் வாட்டியது. திட்டினாலாவது தலையைக் குனிந்துகொள்ளலாம்.

"தெரியலைங்க அம்மை."

பொய் சொல்லி முடித்ததும் அவருக்கு நாக்கு கசந்தது.

"மாட்டித்தான் பார்ப்போமே" என்று அம்மை அதைக் காதில் வைத்துக்கொண்டாள். கண்ணைச் சுருக்கினாள். "சத்தம் ஒண்ணும் இல்லை. கிணத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. இருங்க, இருங்க... மணி அடிக்குது!"

சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமைதோறும் இந்துஜா கூப்பிடுகிற நேரம். ஒரு தடவையும் அவர் எடுத்ததில்லை. பெட்டிக்குள் சத்தமில்லாமல் அடித்து ஓயும்.

"அம்மை, கழட்டிருங்க."

"இது ஏன் காதை விட்டு நழுவுது" என்று அம்மை விரலால் அதை அழுத்தினாள். அழுத்தினால் அழைப்பை எடுத்துவிடும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்.

அம்மையின் முகம் மாறியது. அசையாமல் கேட்டாள். பிறகு மெதுவாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு பிள்ளை ஐயா. 'அப்பா, எடுத்துட்டீங்களா'ங்குது. அழறா போல."

சபாபதி இரண்டு கையையும் கூப்பினார். "கட் பண்ணிருங்க அம்மை. தயவு பண்ணுங்க."

அம்மை கையை மூடிக்கொண்டாள்.

லேப்டாப்பில் மலேசிய அன்பர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, ஸ்பீக்கர் கரகரக்க வணக்கம் சொன்னார்கள். அம்மை அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"மகளா?"

"ஆமாங்க. இந்துஜா. ஒரே பொண்ணு." சபாபதி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் நியமம் தவறலைங்க அம்மை. ஒரு வார்த்தை பேசலை. பேசக்கூடாதுன்னுதானே கட்டளை? அவ குரல்ல அனுப்பறதைக் கேட்கத்தான் செஞ்சேன். பேசினாத்தான் பந்தம், கேக்கறதுல என்ன இருக்குன்னு..."

அது எப்படிப்பட்ட சாக்கு என்று, தன் வாயால் சொல்லிக் கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. பாதியில் விட்டுவிட்டார்.

வேறு குருவாக இருந்தால் இந்த இடத்தில் உபதேசம் ஆரம்பித்திருப்பார். அம்மை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லுவா?"

"யாருங்க?"

"அந்தப் பிள்ளைதான். தினமும் அனுப்புறான்னா என்னதான் சொல்லுவா?"

சபாபதி இதை எதிர்பார்க்கவில்லை. "பெருசா ஒண்ணுமில்லீங்க. மிக்ஸி ரிப்பேருன்னுவா. சரி பண்ணிட்டேன்னுவா. மாடியில பூனை குட்டி போட்டிருக்கும்பா. அவங்கம்மா வெச்ச முருங்கை காத்துல முறிஞ்சு விழுந்துதாமா, மூணு நாளா முருங்கைக்காய் சாம்பாருன்னு ஒரு தடவை சிரிச்சா. காய்ச்சல்ல கிடந்தப்ப மட்டும் ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் இருமிட்டு வெச்சுட்டா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலைங்க."

"அவங்கம்மா?"

"தவறிட்டாங்க. கருமாதி முடிஞ்ச பின்னால எனக்கு அந்த வீட்டுல மூச்சு முட்டுச்சுங்க. எங்க திரும்பினாலும் என் சம்சாரம் நிக்கற மாதிரியே இருக்கும். அதான் இங்க வந்தேன்."

"மகளுக்கும் அதே வீடுதானே?"

சபாபதி மேசையில் கிடந்த இன்னொரு பட்டை எடுத்து டப்பிக்குள் வைத்தார்.

"நீங்க கேக்குறீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. கேட்டுட்டா அவ போன்ல நீல டிக் விழும்."

"ஓகோ. டிக் விழும்." அம்மை அதை யோசித்துப் பார்த்தாள். "அது போதும்னு இருந்துட்டாளா?"

"ஒரு நாள் சொன்னா... 'டிக் விழுந்துச்சுப்பா, இன்னிக்கும் உசுரோட இருக்கீங்க'ன்னு." சொல்லும்போதே சபாபதிக்கு உடைந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மை அவரைத் தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று இருந்தாள்.

கடைசியில் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தது.

"தப்புப் பண்ணிட்டனுங்க அம்மை. இப்பவே போய் அந்தப் போனை அணைச்சுக் கிணத்துல போட்டுடறேன். அதோட தீந்துச்சு. அப்புறம் இது தன்னால லேப்டாப்புக்கு வந்துரும். என் மனசும் வந்துருமுங்க."

"நான் அணைக்கச் சொல்லலையே."

"பின்ன?"

"வீட்டை விட்டுக் கிளம்பினப்ப, போயிட்டு வரேன்னு மகள்கிட்ட சொன்னீங்களா?"

வாழைத்தோப்பில் யாரோ மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டுகிற சத்தம் கேட்டது. கிளம்பிய அந்தக் காலை நேரம் சபாபதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இந்துஜா தூங்கிக்கொண்டிருந்தாள். சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

"சொல்லலைங்க."

"இப்ப சொல்லுங்க."

"சொன்னா விடமாட்டாளுங்க அம்மை. அழுவா. வீட்டுக்கு வாங்கம்பா. அவ குரலைக் கேட்டுட்டு என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. போனா எத்தனை நாளாகுமோ."

"ஆகட்டும்."

"பௌர்ணமி நெருங்கிருச்சுங்களே. ரெண்டு வருஷமா அதுக்காகத்தானுங்க காத்திருக்கேன். என் தீட்சை?"

அம்மை மூடியிருந்த கையை அவர் முன்னால் நீட்டித் திறந்தாள். உள்ளங்கையில் இயர்பட் எரிந்துகொண்டிருந்தது.

"பௌர்ணமி மாசாமாசம் வரும் ஐயா. எனக்கு இதைக் கட் பண்ணத் தெரியலை. அந்தப் பிள்ளை இன்னும் லைன்லதான் இருக்கா. இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்தா."