கீழே வரும் தண்ணீரின் ருசி

"தண்ணி போனாப் போகட்டும், அது விட்டுட்டுப் போறதப் பாரு" என்று தொடங்கி உப்பளத்துப் பெரியவர் ஒருவர் ஏதோ சொல்வாராம். அதற்கப்புறம் இன்னொரு வரி உண்டு. அந்த வரி சுடலைமணிக்கு மறந்துபோயிருந்தது.

"முக்கியமானதே அந்த வரிதான் அண்ணாச்சி. அவர் அதச் சொல்லும்போதெல்லாம் நான் சோத்துச் சட்டியப் பாத்துக்கிட்டிருப்பேன்" என்பான்.

சுடலைமணி வேம்பார்ப் பக்கம் பத்து வருடம் உப்பு வாரியவன். இப்போது பாலைவனத்தின் நடுவே, சாலை போடும் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் முகாமில் சமையல்காரன். வயது முப்பத்தாறு. கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. அதனால் முகாமில் எல்லோரும் அவனைக் கேலியாக வாத்தியார் என்றார்கள்.

வாத்தியாருக்கு ஒரே ஒரு சீடர். நாசரேத்துக்காரர், நாற்பத்தெட்டு வயது, பெயர் வேதமாணிக்கம். வேலைத்தளத்தில் பாதுகாப்புக் குறிப்பேடு எழுதுகிறவர். தமிழும் இங்கிலீஷும் ஒழுங்காகப் படித்தவர்.

அவர் சீடரானது மார்ச் மாதத்தில். சமையலறைக்குப் பின்னால், இரண்டு தகர அறைகளுக்கு நடுவிலிருந்த நிழலில், பெயின்ட் வாளிகளில் கத்தரிச் செடிகள் நின்றன. பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த வெயில்ல ஒரு நாளைக்கு எத்தன தடவவே தண்ணி ஊத்துவீரு?"

சுடலைமணி கொடியில் காய்ந்துகொண்டிருந்த பனியன் ஒன்றை எடுத்து நீளமாகக் கிழித்தான்.

"அது என் பனியன்."

"ஆமா. பருத்தி. என்னோடது நைலான், அதுல தண்ணி ஏறாது."

அவருக்கென்று ஒரு வாளிக்குள் இன்னொரு வாளியை இறக்கினான். அடி வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண்ணும் டீத்தூள் சக்கையும். மேல் வாளியின் அடியில் ஓட்டை போட்டுப் பனியன் திரியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான். ஓரத்தில் ஒரு வயரிங் குழாயைச் செருகினான். அதன் வழியாக அடி வாளிக்கு மட்டும் தண்ணீர் போகும். நிறைந்தால் வழிவதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. மண்ணில் ஒரு கத்தரிக் கன்றை நட்டான்.

"செடி தாகத்துக்குக் கீழ இருந்து எடுத்துக்கிடும். மேல ஊத்தாதீங்க, வெயில் குடிச்சிரும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

அந்த ஒரு சொல்லை வேதமாணிக்கம் ஐந்து மாதம் காப்பாற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஏசி மெஷின்களிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துக் குழாய்க்குள் ஊற்றினார். ஜூனில் காற்று காய்ந்தது, ஏசி சொட்டுவது குறைந்தது. அப்புறம் தினமும் முகாமின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு போர்த் தண்ணீரைக் கலந்துகொண்டார். செடி இடுப்புயரம் வந்தது. ஆகஸ்டில் இலைகளின் ஓரம் தீய்ந்து, பூ உதிரத் தொடங்கியது. தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு கலந்தார். வெயில் என்று நினைத்துப் பச்சை வலை கட்டினார். இலை மேலும் தீய்ந்தது.

அந்த ஆகஸ்டில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தார் போடும் ஆட்களில் ஒருவனான பால்பாண்டி வேலையிடத்தில் வெயிலில் மயங்கி விழுந்தான்.

மதியம் ஒன்றேமுக்கால் மணி. கோடைக்காலத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்பது அந்நாட்டு விதி. குறிப்பேட்டில் அன்றும் வேதமாணிக்கத்தின் கையெழுத்தில் "பன்னிரண்டரைக்கு வேலை நிறுத்தப்பட்டது" என்றுதான் இருந்தது. ஒன்பது வாரமாக அப்படித்தான் இருந்தது.

பால்பாண்டி ஆஸ்பத்திரியில் கண் திறந்தான். சிறுநீரகம் இன்னும் திறக்கவில்லை என்றார்கள்.

வியாழக்கிழமை மாலை மேலாளர் ஒரு தாளோடு வந்தார். பால்பாண்டிக்கு ஏற்கெனவே நோய் இருந்தது, அதை மறைத்துவிட்டான், மதிய ஓய்வு ஒரு நாளும் தவறாமல் கொடுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பால்பாண்டியை நோயாளி என்று ஊருக்கு அனுப்பிவிடலாம். வைத்தியம் அவன் பாடு.

வேதமாணிக்கத்துக்கு முகம் சிவந்தது. "இதுல எப்படி சார் நான் கையெழுத்துப் போடுறது?"

மேலாளர் கோபப்படவில்லை. "புதுசா எதுவும் கேக்கலையே. ஒன்பது வாரமா நீங்க எழுதினதத்தான் டைப் பண்ணியிருக்கு. சனிக்கிழமை காலைல பஸ் டிரைவர்கிட்ட கொடுத்துவிடுங்க."

போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை நினைத்து வேதமாணிக்கம் இரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் சங்கையா நின்றான். பால்பாண்டியின் அறைக்காரன், ஒரே ஊர்.

"சார், ஜூன் பதினஞ்சு ஞாபகம் இருக்கா?" என்றான்.

"என்ன?"

"மத்தியான வேலைக்குத் தடை வந்த முத நாள். பத்து நிமிஷம்தான் கூட வேல செஞ்சோம். தார் காயுது, பத்து நிமிஷம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நீங்க நோட்டத் தூக்கிட்டு வந்தீங்க. நாங்கெல்லாம் உங்க பேனாவத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்."

"பத்து நிமிஷத்தப் போய் எழுதுவாங்களா சங்கையா?"

"எழுத மாட்டாங்கதான். பத்து இருபதாச்சு, இருபது ஒரு மணி நேரமாச்சு. உங்க பேனா மட்டும் பன்னெண்டரையிலயே நின்னுபோச்சு. நல்ல கம்பெனிப் பேனா சார், வெயில்ல கூட உருகல."

வேதமாணிக்கம் சமையலறைக்குப் பின்னால் போனார்.

அங்கே வாத்தியார் நீல டிரம்மிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு, தன் கத்தரிச் செடியின் தலைமாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தான். மேலிருந்து, மண்ணின் மீது. அடி வாளி நிறைந்து, பக்க ஓட்டை வழியாகத் தண்ணீர் மணலில் ஓடியது. டிரம்மில் இருந்தது ஏசித் தண்ணீர், பன்னிரண்டு நாள் சேர்த்தது. போர்த் தண்ணீரில் குளித்து முடி கொட்டுகிறது என்று தலைக்கு மட்டும் ஒரு மக்கு கேட்டு ஆட்கள் அந்த டிரம்மைச் சுற்றி வருவார்கள். சுடலைமணி கொடுத்ததே இல்லை.

"என்னவே செய்யுதீரு?"

சுடலைமணி அடுத்த சொம்பை ஊற்றினான்.

"ஓய், உம்மத்தான். அஞ்சு மாசமா ஒரு சொட்டு சிந்தக் கூடாதுன்னு சொன்ன வாய்தானவே அது? என் பனியனக் கிழிச்சி, எனக்குப் பாடம் எடுத்து, நான் பூச்சிமருந்து மாதிரி அளந்து அளந்து ஊத்திக்கிட்டிருக்கேன். நீரு பாலைவனத்துக்குத் தண்ணி காட்டுதீரா?"

இன்னொரு சொம்பு.

பின்னாலேயே வந்து நின்ற சங்கையா வயிற்றெரிச்சலோடு சொன்னான்: "நேத்து ஒரு மக்கு கேட்டேன். முடி போனா போவுது, மண்டை இருக்குல்லன்னு சொன்னான் சார் இவன்."

"சொம்பக் கீழ வையும்" என்றார் வேதமாணிக்கம். "எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்குதீங்க. மேல இருக்கவனும் ஆக்குதான், நீரும் ஆக்குதீரு."

சுடலைமணி சொம்பை வைத்தான்.

"கோவமா இருக்கீங்களோ அண்ணாச்சி?"

"இருக்காதாவே?"

"இருக்கட்டும். எனக்கும் இருக்கு. போன ஞாயித்துக்கெழமையில இருந்து உங்களுக்கு டீ ஊத்தும்போதெல்லாம் இருக்கு."

அந்த மனிதன் இத்தனை நேராக எதற்கும் பதில் சொல்லி வேதமாணிக்கம் கேட்டதில்லை.

சுடலைமணி எழுந்து அவருடைய வாளிக்குப் போனான். கத்தரியின் தண்டைச் சுற்றி மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு ஏடு படிந்திருந்தது. நகத்தால் அதில் ஒரு சில்லைப் பெயர்த்து நீட்டினான்.

"நாக்குல வைங்க."

"என்னது? சுண்ணாம்பா?"

"வைங்க."

வைத்த வேகத்தில் துப்பினார்.

"எங்க ஊரா இருந்தா இத வாரிக் குவிச்சி, ஓலையப் போட்டு மூடி, ராஜாவக் காக்குற மாதிரி காவல் காப்போம்" என்றான் சுடலைமணி. "கத்தரிக்கு இதுதான் எமன்."

"உப்பு எங்கருந்துவே வந்துச்சு? தினம் ஒரு சொம்புதான் போர்த் தண்ணி கலந்தேன். குடிச்சுப் பாத்துட்டுத்தான் கலந்தேன். வாயில வச்சா ஒண்ணும் தெரியல."

"மொத நாள் தெரியாது."

வேதமாணிக்கம் சங்கையாவைத் திரும்பிப் பார்த்தார். சங்கையா தண்ணீர் ஓடிய மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செடி தண்ணிய எடுத்துக்கிடுது, வெயில் மிச்சத்த எடுத்துக்கிடுது" என்றான் சுடலைமணி. "உப்ப யாரும் எடுக்கல. போறதுக்கு வழியும் இல்ல. நீங்கதான் ஒரு சொட்டு வெளிய விடலையே."

"அத மார்ச்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா உப்ப எங்க காட்டுவேன்?"

வேதமாணிக்கம் தன் வாளியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். தீய்ந்த இலை ஒன்றைத் தொட்டார். கையோடு வந்தது. இரவு முழுக்க மேலாளர் மேல் இருந்த கோபம் இப்போது இருக்க இடம் தெரியாமல் அலைந்தது. கொஞ்ச நேரம் வாத்தியார் மேல் வைத்துப் பார்த்தார். அங்கே அது நிற்கவில்லை.

சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது.

"எம்பொண்ணு நர்ஸிங் மூணாவது வருஷம்" என்றார், யாரும் கேட்காமலே. "இந்த வயசுல என்ன ஊருக்கு அனுப்பிட்டான்னா, அங்க போயி யாருக்கு நான் குறிப்பேடு எழுதுறது?"

சுடலைமணி டிரம்மைச் சாய்த்து, மிச்சத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"சங்கையா" என்றார் வேதமாணிக்கம், திரும்பாமல். "பால்பாண்டி பேசுதானா?"

"நேத்து பேசினான். கம்பெனி என்ன சொல்லுதுன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"சாருக்கு ரெண்டு பாஷை தெரியும், பாத்துக்குவாருன்னு சொன்னேன்." சங்கையா மூக்கைச் சிந்தினான். "வேற என்னத்தச் சொல்ல?"

வேதமாணிக்கம் சொம்பை எடுத்து, தண்ணீரை மொண்டு, செடியின் மேல் பிடித்தார். ஐந்து மாதப் பழக்கம் கையைத் தடுத்தது. அப்புறம் ஊற்றினார். வெள்ளை ஏடு கலங்கிக் கரைந்தது. இரண்டாவது சொம்பு. மூன்றாவது. பக்க ஓட்டை வழியாகப் பழுப்பாகத் தண்ணீர் வரத் தொடங்கியது.

"இது பிழைக்குமாவே?"

"நான் செடி இல்ல அண்ணாச்சி."

"எவ்வளவு ஊத்தணும்? அதயாவது வாயத் தொறந்து சொல்லும்."

சுடலைமணி சமையலறைக்குள் போய் இரண்டு டீ கிளாஸ் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான்.

"மேல ஊத்துறத ஒரு வாய் பாருங்க. கீழ வர்றத ஒரு வாய் பாருங்க. ரெண்டும் ஒரே ருசிக்கு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

வேதமாணிக்கம் குடித்துப் பார்த்தார், துப்பினார், ஊற்றினார். பதினோராவது சொம்பில் கீழே வந்ததை அவர் துப்பவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சங்கையாவைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். ஜூன் பதினைந்திலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை உண்மையில் எத்தனை மணிக்கு நின்றது என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் படித்துப் பார்ப்பதற்காகத் தமிழில் ஒன்றும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்காக இங்கிலீஷில் ஒன்றும் எழுதினார். பொய்யாக எழுதியது நான் என்ற வரியை இரண்டிலும் முதல் வரியாக வைத்தார். மேலாளரின் தாளைக் கையெழுத்துப் போடாமல் அதோடு சேர்த்துக் குத்தி, சனிக்கிழமை காலை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுக்காமல், அந்த அலுவலகத்தில் கொடுக்கத் தானே எடுத்துக்கொண்டு ஏறினார்.