பத்து லட்சம் தடவை அளந்த தண்ணீர்

கோணவாய்க்கால் என்று ஓர் ஊர். அங்கே புத்தி என்பது மழை மாதிரி. அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் பெய்யும். அந்த ஊர் வெள்ளியங்கிரிக்கு மாமன் மகள் பூங்கோதை மேல் கொள்ளை ஆசை. மாமன் ராக்கியப்பனோ மோட்டார் ரிப்பேர் கடைக்காரர், கறார் பேர்வழி.

“மாப்ள, எங்க வீட்டு மாடி டேங்க்குல தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு கீழ நம்பர்ல காட்டோணும். வெள்ளிக்கிழமைக்குள்ள செஞ்சு மாட்டு, பொண்ணு உனக்கு. சிப்பு மட்டும் நெம்ப வேகமானதா பாத்து வாங்கு” என்றார்.

அளவை நம்பராக மாற்றுகிற அந்தச் சிப்பை வாங்க, கூட்டாளிகள் சென்னியப்பனையும் திருமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனான் வெள்ளியங்கிரி. கடைக்காரர் இரண்டு சிப்பு எடுத்து வைத்தார். ஒன்றுக்கு எட்டுக் கம்பிக் கால், மற்றதுக்குப் பதினாறு.

“பதினாறு காலுதான் வேகமா ஓடும்” என்றான் சென்னியப்பன். “கோழிக்கு ரெண்டு காலு, நாய்க்கு நாலு காலு. எது ஜெயிக்கும்?”

“அப்ப மரவட்டை?” என்றான் திருமூர்த்தி.

கடைசியில் மூவரும் இரண்டு சிப்பையும் மேசைமேல் வரிசையாக நிறுத்தி, “ம், ஓடு!” என்று கைதட்டி விரட்டினார்கள். இரண்டும் அசையவில்லை.

“புது இடம், கூச்சப்படுது” என்றான் வெள்ளியங்கிரி.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “பதினாறு காலையே எடுத்துட்டுப் போங்க சாமி. நொடிக்குப் பத்து லட்சம் தடவை அளக்கும்.”

எந்தச் சாமி புண்ணியமோ, ஊருக்கு வந்து ஈயம் பற்றவைத்து டேங்க்கில் மாட்டியதும் நம்பர் வந்தது. நூறு! டேங்க் நிறையத் தண்ணீர். வெள்ளியங்கிரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கீழே பூங்கோதை பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தாள். நூறு தொண்ணூற்றொன்பது ஆனது.

வெள்ளியங்கிரி கூட்டாளிகள் பக்கம் திரும்பினான். “டேய், ஒரே வேட்டியைப் பத்து லட்சம் தடவை துவைச்சா?”

“நைஞ்சு போகும்” என்றான் சென்னியப்பன்.

“ஒரே தண்ணியைப் பத்து லட்சம் தடவை அளந்தா?”

“ஐயையோ, தேயுதுடா!” என்று அலறினான் திருமூர்த்தி. “இப்படியே போனா வெள்ளிக்கிழமைக்குள்ள சொட்டு மிஞ்சாது. உனக்குப் பொண்ணும் கிடைக்காது.”

அவ்வளவுதான். வீட்டிலிருந்த அண்டா, குண்டா எல்லாவற்றிலும் டேங்க் தண்ணீரை மொண்டு ஊற்றி, சிப்பின் கண்ணில் படாமல் போர்வை போட்டு மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை மாமன் கடையிலிருந்து வந்து பார்த்தார். நம்பர் சைபர்.

“என்ன மாப்ள இது?”

வெள்ளியங்கிரி தண்ணீர் தேய்கிற விஷயத்தைச் சொன்னான். மாமன் விறுவிறுவென்று ஏணியில் ஏறி, டேங்க்குக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இறங்கும்போது முகமெல்லாம் பல்.

“மெய்யாலுமே காலிதான்! சிப்பு துளி பொய் சொல்லலை. பொண்ணு உனக்குத்தான்!”

வெள்ளியங்கிரி சந்தோஷத்தில் காலில் விழுந்தான். ஆசீர்வாதம் பண்ணத் தூக்கிய கை அப்படியே நிற்க, மாமன் முகம் வெளிறியது.

“மாப்ள, வெறும் டேங்க்க இன்னும் அளந்துட்டுத்தானே இருக்குது?”

“ஆமாங்க மாமா.”

“அட கெடுத்தீங்களே! ஓடுங்கடா, தண்ணிய மறுபடி ஊத்துங்க! காலியா இருக்கற இடமும் தேஞ்சு போச்சுன்னா, அப்புறம் தண்ணிய எதுல ஊத்தறது?”